மார்ச் முதல் தேதிக்கும் எட்டாம் தேதிக்கும் நடுவில்

மார்ச் 8, 2024, வெள்ளி

டிராகன் பால் என்ற மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வரைந்த அகிரா தொரியாமா இறந்துவிட்டார். நண்பகலைக் கடந்ததும் செய்தி வந்தது. வயது 68. உயிர் பிரிந்தது மார்ச் 1ஆம் தேதியே என்றும், மூளையின் வெளியுறைக்கு அடியில் ஏற்பட்ட கடும் இரத்தக்கசிவே காரணம் என்றும் அவருடைய பேர்டு ஸ்டூடியோவின் அறிக்கை சொல்கிறது. நெருங்கிய உறவினர் மட்டும் கூடி இறுதிச்சடங்கை முடித்துவிட்டார்களாம். துக்கம் விசாரிக்க வருவதையும், மலர்களையும், காணிக்கைப் பணத்தையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மிகுந்த ஆர்வத்தோடு அவர் செய்துகொண்டிருந்த பணிகள் பல இன்னும் முடியாமல் இருந்தன என்ற வரியில் கண் நின்றுவிட்டது.

மனைவியை அழைத்தேன். "பார்த்துவிட்டேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "அப்பாவிடம் நானே சொல்கிறேன். எதனால் இறந்தார் என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்" என்றாள். மாமனார் அண்மையில்தான் கீழே விழுந்திருந்தார்.

மார்ச் 9, சனி

மார்ச் 1 வெள்ளிக்கிழமை. அன்று மாலை நான் நகோயாவிலிருந்து இச்சினோமியாவுக்கு வழக்கமான ரயிலில் போனேன்; வழியில் கியோசு வந்து போயிருக்கும். அது அவருடைய ஊர். அவர் தோக்கியோவுக்குக் குடிபெயராமல் இந்த ஐச்சி மாகாணத்திலேயே இருந்துகொண்டு உலகம் முழுவதும் படித்த கதைகளை வரைந்தவர். நான் அன்று கைப்பேசியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுகூட நினைவில்லை. அதன் பிறகு ஒரு வாரம் முழுவதும், அவர் இருக்கிறார் என்ற எண்ணத்தில்தான், அதாவது அந்த எண்ணம்கூட எழத் தேவையில்லாத நிம்மதியில்தான், இந்த நாட்டில் அனைவரும் எழுந்தார்கள், சாப்பிட்டார்கள், உறங்கினார்கள். பௌத்த முறைப்படி ஏழாம் நாள் சடங்கு மார்ச் 7 அன்று வந்திருக்கும். எங்களுக்குத் தெரிய வந்தது அதற்கும் மறுநாள்.

குடும்பத்தார் செய்தது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த வாரத்தை என்னால் கடக்க முடியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

சிபி மாருகோ சான் என்ற கார்ட்டூன் சிறுமிக்குக் குரல் கொடுத்த தராகோவும் மார்ச் 4 அன்று இறந்துவிட்டாராம். அந்தக் கதையை வரைந்த மோமோகோ சகுரா 2018இல் போனார். மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள்.

டிராகன் பந்துகள் ஏழையும் தேடிச் சேர்த்து அவரை மீட்போம் என்று ஆளுக்கு ஆள் எழுதுகிறார்கள். அன்பினால்தான் எழுதுகிறார்கள் என்று தெரிந்தும் எரிச்சல் வருகிறது. கதையை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு விதி தெரியும்: ஏழு பந்துகளும் சேர்ந்தால் வரம் தர வரும் டிராகன் ஷென்ரோன், கொல்லப்பட்டவர்களை மீட்டுத் தரும்; இயற்கையாக வந்த மரணத்தில் அந்த டிராகனால் ஒன்றும் செய்ய முடியாது. இறந்தவர்கள் தலைக்கு மேல் வளையத்தோடு சிரித்துக்கொண்டு திரும்பி வரும் அந்தக் கதைக்குள், இந்த ஒரு கதவை மட்டும் தம் கையாலேயே சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மாமனாரிடம் சொல்லியாயிற்று. "என் வயதுதான்" என்றார். 1955இல் பிறந்தவர்கள் இருவரும். பிறகு தைவலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தேநீர் கேட்டார். தலைவலி என்று எழுத வந்தேன், கை தடுமாறுகிறது. நான் கேட்டேன், அவர் இல்லை என்றார்.

மார்ச் 12, செவ்வாய்

புவெனஸ் ஐரிஸின் ஓபெலிஸ்கோ தூணைச் சுற்றி ரசிகர்கள் ஞாயிறன்று பெருங்கூட்டமாகக் கூடி, இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி நின்றிருக்கிறார்கள். கடைசிப் போரில் பூமியிலுள்ள அனைவரும் கை உயர்த்த, டிராகன் பால் நாயகன் கோகு அவர்களுடைய வலிமையைத் திரட்டி ஒரே உருண்டையாக எறிவான், அதைத்தான் செய்திருக்கிறார்கள். சீன வெளியுறவுத் துறை இரங்கல் சொன்னது, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் தமக்கு வந்த கையெழுத்திட்ட ஓவியத்தின் படத்தை வெளியிட்டார், அவையெல்லாம் என்னை அசைக்கவில்லை. இது அசைத்தது. தந்தையின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்கூடக் கையைத் தூக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 13, புதன்

ஒருகாலத்தில் தொரியாமாவின் கார்ட்டூன்கள் வந்த இரவு ஏழு மணிக்கு ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடியது.

மார்ச் 16, சனி

மாமனார் வீட்டு மாடியிலிருந்து தொரியாமாவின் டாக்டர் ஸ்லம்ப் மங்காவின் பதினெட்டுத் தொகுதிகளையும் இறக்கி வந்தேன். மாமனார் ஏணியில் ஏறக் கூடாது, ஏறவும் விடமாட்டோம்.

எல்லாரும் கோகுவைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு டாக்டர் ஸ்லம்ப்பின் அராலேதான் பெரியவள். உலகையே ஒரு குத்தில் பிளக்கும் ரோபோ சிறுமிக்குக் கிட்டப்பார்வை வைத்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட வேறு யாருக்குத் தோன்றும்? பள்ளியில் கண்ணாடிக்காகக் கேலி செய்யப்பட்ட என் மனைவி, அராலேயின் கண்ணாடியைக் காட்டித்தான் சண்டையில் வென்றாளாம்.

நகோயாவில் ஒரு விளம்பர வடிவமைப்பு நிறுவனத்தில் சுவரொட்டி வரைந்துகொண்டிருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு, பரிசுப்பணத்துக்காகப் போட்டிக்கு மங்கா அனுப்பியவர் அவர். ஷோனென் ஜம்ப் இதழின் ஆசிரியர் குழுவிலிருந்த கசுஹிகோ தொரிஷிமா அவரிடம் திறமையைக் கண்டார். கண்ட பிறகு, அனுப்பிய பக்கங்களை நூற்றுக்கணக்கில் திருப்பி அனுப்பினார். 1978இல் முதல் சிறுகதை வந்தது, 1980இல் அராலே வந்தாள். திருப்பி அனுப்பியவரின் முகத்தையே டாக்டர் மஷிரிதோ என்ற கொடிய விஞ்ஞானிக்கு ஒட்டிப் பழிதீர்த்துக்கொண்டார். மாமனாருக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். தொழிற்சாலையில் தம் மேற்பார்வையாளரையும் அப்படி வரைய ஆசைப்பட்டதாகவும், வரையத் தெரியாததால் அந்த மனிதர் தப்பித்ததாகவும் சொல்கிறார்.

தம்மைச் சோம்பேறி என்று தொரியாமா சொல்லிக்கொண்டேயிருந்ததை அப்படியே நம்பி எழுதுகிறார்கள். சூப்பர் சையன் என்ற பேராற்றல் வடிவம் எடுத்ததும் கோகுவின் முடி பொன்னிறமானது கறுப்பு மை பூசும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அது அவரே சொன்னது. ஆனால் டாக்டர் ஸ்லம்ப் 1984இல் முடிந்து, அதே ஆண்டு நவம்பரில் டிராகன் பால் தொடங்கி, 1995 வரை வாரவாரமாக 519 அத்தியாயங்கள், பெரும்பாலும் ஒரே ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு வரைந்தவர் சோம்பேறி என்றால் நாமெல்லாம் யார்? அந்த மை மிச்சம்தான் அவரை ஒவ்வொரு வாரமும் காப்பாற்றியிருக்கும். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அளந்து செலவிடத் தெரிந்த கை அது.

மார்ச் 17, ஞாயிறு

தலைவலி இல்லையாம். இருந்தால் சொல்வாரா என்பதுதான் கேள்வி.

மார்ச் 20, புதன்

சம இரவு நாள், விடுமுறை. குடும்பக் கல்லறைக்குப் போய்க் கல்லைக் கழுவி, பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றினோம். கோகுவுக்காக 1986 முதல் குரல் கொடுத்துவரும் மசாகோ நொசாவாவுக்கு வயது 87. நம்ப மனமில்லை என்று அவர் சொன்னதை மனைவி கல்லறையிலிருந்து இறங்கும்போது சொன்னாள். புதன்கிழமை ஏழு மணி என்றால் இந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது: 1981 முதல் அராலே, 1986 பிப்ரவரியில் அவள் விடைபெற்ற அடுத்த வாரமே சிறுவன் கோகு, 1989 முதல் அதன் தொடர்ச்சியான டிராகன் பால் இசட். மாமியார் இருந்தவரை அன்று இரவு உணவு ஆறரைக்கே முடிந்துவிடும்.

தொரியாமாவின் சேண்ட் லேண்ட் மங்காவின் தொடர் வடிவம் இன்று டிஸ்னி பிளஸ்ஸில் வெளியாகியிருக்கிறது. தண்ணீர் இல்லாத பாலைவனத்தில் ஒரு கிழட்டு ஷெரீஃபும் ஒரு குட்டிச் சாத்தானும் டாங்க் ஓட்டிக்கொண்டு போகும் கதை. 2000இல் அவர் அதை வரைந்தபோது பெரிய ஆரவாரம் இல்லை. அந்த டாங்கைப் பாருங்கள்: ஒவ்வோர் ஆணியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அதே நேரம் அது ஒரு குண்டுப் பூனையைப் போல உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் மாதிரி வண்டிகளை ஒட்டிச் சேர்ப்பதில் வாழ்நாள் முழுதும் பித்தாக இருந்தவர் கையிலிருந்துதான் இப்படி வரும். மாமனாரும் அந்தப் பித்து பிடித்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு அத்தியாயம் பார்த்தார். இடது கையால் தேநீர்க் கோப்பையை எடுத்தபோது கை நடுங்கியதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை.

மார்ச் 23, சனி

சவுதி அரேபியாவின் கித்தியாவில் டிராகன் பால் கேளிக்கைப் பூங்கா கட்டப்போகிறார்களாம். நேற்று அறிவித்திருக்கிறார்கள். மூன்று வாரம்தான் ஆகிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

இன்று அவருக்கு 69 நிறைந்திருக்கும்.

தம் முகத்தைக் காட்ட விரும்பாமல் தம்மை வாயுமுகமூடி அணிந்த சிறு ரோபோவாகவே வரைந்துவந்த ஒருவருக்காக அழுவது விசித்திரமாக இருக்கிறது. அழும்போது நினைவுக்கு வருவது அந்த ரோபோதான். அவர் விட்டுச் சென்ற வெற்றிடம் மிகப் பெரியது என்று ஒன் பீஸ் வரையும் எயிச்சிரோ ஓடா எழுதியிருந்தார். நருட்டோவை வரைந்த மசாஷி கிஷிமோட்டோ, தொடக்கப் பள்ளியில் முதலில் டாக்டர் ஸ்லம்ப், பிறகு டிராகன் பால் என்று அவற்றோடே வளர்ந்ததாக எழுதியிருந்தார். என் மனைவியின் கணக்கும் அதுவே.

டிராகன் பால் 42 தொகுதிகளையும் வரிசையாக அடுக்கினால் முதுகுகள் சேர்ந்து ஒரே நீண்ட ஓவியம் ஆகும். அதில் யாஜிரோபே என்ற பாத்திரம் இரண்டு இடத்தில் வருகிறான், வரைந்தவரின் கவனப்பிசகு. மாமனார் இன்று அடுக்கி வைத்து, இரண்டு யாஜிரோபேக்களையும் விரலால் தொட்டுக் காட்டினார். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பிறகு, வலப்பக்கம் சற்றுக் கனமாக இருப்பதாக, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தோம். விழுந்து பல வாரங்கள் கழித்தும் முதியவர்களுக்கு இரத்தம் மெல்லச் சேரக்கூடும் என்று அன்றே சொல்லியிருந்தார்கள். ஸ்கேன் திங்கட்கிழமைக்கு முன்தள்ளப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாளை ஒன்பதரை மணி. காப்பீட்டு அட்டை, மருந்துக் குறிப்பேடு, மாற்றுத் துணி எல்லாம் பையில் இருக்கின்றன. காத்திருக்கும்போது படிக்க எது வேண்டும் என்று கேட்டேன். அராலே வேண்டாம், சிரித்தால் தலை அதிரும், டிராகன் பாலில் பிக்கோலோ வரும் தொகுதிகளை எடுத்து வை என்றார்.