முடிவுக்கு முன்பே எழுதிவைக்கும் பக்கங்கள்

மார்ச் 3

மேற்கு ஆப்பிரிக்காவில் முந்திரி அறுவடை தொடங்கிவிட்டது. தூத்துக்குடித் தரகர் இன்று காலை ஐவரி கோஸ்ட் தோட்டண்டிக்கு, அதாவது ஓடு நீக்காத முந்திரிக் கொட்டைக்கு, விலை சொன்னார். 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு, அதாவது ஏறத்தாழ 22 கிலோ, கிடைக்கும் என்ற உறுதியோடு. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடையே உள்ள எங்கள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், ஓர் ஆண்டில் எடுக்கப்படும் முடிவுகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. பருப்பின் அடக்கவிலையில் பெரும்பங்கு கச்சாக் கொட்டைக்கே போகிறது. விறகிலும் மின்சாரத்திலும் தகர டின்னிலும் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், தவறான விலைக்கு வாங்கிய கொட்டையை அந்தச் சிக்கனம் ஈடுகட்டாது. கப்பல் வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரித்து விற்றுமுடிக்க மேலும் சில மாதங்கள் ஆகும். இன்று வாங்கும் கொட்டை லாபமா நஷ்டமா என்பது ஆவணியில்தான் தெரியும்.

ஆகவே, வாங்குவதற்கான காரணங்களை விளைவு தெரிவதற்கு முன்பே தேதியிட்டு எழுதிவைக்கிறேன். நினைவு நம்பத்தக்க சாட்சியல்ல. 1972-இல் அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போவதற்கு முன், பயணத்தில் என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று மாணவர்களிடம் கணிப்புக் கேட்டு, பயணம் முடிந்தபின் அந்தக் கணிப்புகளையே நினைவுகூரச் சொன்னார்கள் உளவியல் ஆய்வாளர்கள் பரூக் பிஷ்ஹாஃப்பும் ரூத் பெய்த்தும். நடந்துவிட்டதாகத் தாங்கள் நம்பிய நிகழ்ச்சிகளுக்கு, முன்பு தந்ததைவிட அதிக வாய்ப்புத் தந்திருந்ததாகவே அவர்களில் பெரும்பாலோர் நினைத்தார்கள். மாணவர்களுக்கே இப்படியென்றால், சொந்தப் பணம் போட்ட வியாபாரிக்கு நினைவு இன்னும் எவ்வளவு வளைந்துகொடுக்கும்!

மார்ச் 5

மாதிரிக் கொட்டை வந்தது. ஒரு கிலோ எடுத்து எண்ணி, ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி, நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சுருங்கியது, அழுகியது என்று பிரித்து நிறுத்தோம். மேற்பார்வை பார்க்கும் அக்கா தராசைப் பார்ப்பதற்கு முன்பே, உள்ளங்கையில் நாலு கொட்டையை உருட்டிப் பார்த்துவிட்டு, "மக்களே, பருப்பு நல்லதுதான், ஆனா உள்ளே ஈரம் கெடக்கு" என்றார்கள். ஈரமானியும் அதையே சொன்னது.

யாருடைய உள்ளுணர்வை எதில் நம்பலாம் என்பது தலைமையில் இருப்பவர் தீர்த்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி என்று நினைக்கிறேன். உள்ளுணர்வைச் சந்தேகித்தே ஆராய்ந்த உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்புப் படைத் தலைவர்களின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்த இன்னோர் உளவியலாளர் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: சூழலில் ஓர் ஒழுங்கு இருந்து, கணிப்பு சரியா தவறா என்ற பதிலும் திரும்பத் திரும்பக் கிடைக்குமானால், அங்கே வளர்ந்த உள்ளுணர்வை நம்பலாம், இல்லையென்றால், எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அந்த உறுதிக்கு மதிப்பில்லை. அக்காவின் கையில் இருக்கும் கொட்டை அன்று மாலைக்குள் உடைபட்டுப் பதில் சொல்லிவிடுகிறது. பல்லாண்டுகளாக நாள்தோறும் அந்தப் பதிலைக் கேட்டு வளர்ந்த கை அது. நானோ ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று பெரிய கொள்முதல்தான் செய்கிறேன். ஒவ்வொன்றின் விளைவிலும் டாலர் மதிப்பு, வியட்நாம் ஆலைகளின் தேவை, ஆப்பிரிக்க மழை என்று என் கணிப்போடு தொடர்பில்லாத பல கலந்துவிடுகின்றன. எனவே கொட்டையின் தரத்தில் அக்காவின் சொல்லே முடிவு. விலை ஏறுமா இறங்குமா என்பதில் என் மனம் சொல்வதற்கும் தரகர் சொல்வதற்கும் ஒரே அளவு மதிப்புத்தான் தருவேன், அது மிகக் குறைவு.

மார்ச் 9

வங்கியில் கடன் வரம்பு பேசிமுடிந்தது. தரகர் சொன்ன முழு அளவையும் வாங்க அது போதும். போதும் என்பதற்காக வாங்குவது தனி ஆபத்து.

மார்ச் 12

மைத்துனர், கணக்கர், அக்கா, நான் என நால்வரும் அலுவலக அறையில் உட்கார்ந்தோம். முழுவதையும் வாங்கிவிடலாம் என்று மைத்துனர் தொடங்கினார். தேநீர் வருவதற்குள் எல்லோரும் சரி என்றாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்பிரட் ஸ்லோன், ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே கருத்தாக இருப்பதைக் கண்டு, மாற்றுக் கருத்து உருவாக நேரம் தருவோம் என்று முடிவைத் தள்ளிவைத்ததாக மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். நானும் நாளைக்குத் தள்ளிவைத்தேன். மைத்துனருக்கு வருத்தம், தரகர் காத்திருக்க மாட்டார் என்றார். ஒரு நாள் காத்திருக்காத விலையை நம்பி இத்தனை பணம் போடக் கூடாது என்று சொன்னேன்.

மார்ச் 13

இன்று கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஆவணி வந்துவிட்டது, இந்தக் கொள்முதலில் பெரிய நஷ்டம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எதனால் வந்தது என்று தனித்தனியாக எழுதித் தாருங்கள்." இதுவும் கிளைன் 2007-இல் எழுதிய முறைதான். முதலாளி முகத்துக்கு நேரே "இது சரிப்படாது" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் நா எழாது; தோல்வி நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டால், காரணம் சொல்வது குறை சொல்வதாகாது, கெட்டிக்காரத்தனமாகிறது.

கணக்கர், ஓணத்துக்கு கேரளத்திலிருந்து வரும் தேவை எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது என்று எழுதினார். மைத்துனர், கப்பல் தாமதமானது என்று எழுதினார். அக்கா எழுதியதுதான் என்னை உட்காரவைத்தது. முழு அளவும் ஒன்றாக வந்தால் அது மே கடைசியில் வரும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் முற்றத்தில் காயப்போட முடியாது. ஏற்கெனவே ஈரமுள்ள கொட்டை கிட்டங்கியில் (சரக்கறையில்) அடுக்கடுக்காகக் கிடந்து வெந்து பருப்பு மஞ்சளாகும். முழுப்பருப்பு, 320 என்ற நல்ல ரகத்தின் விலைக்குப் போகாமல் கழிவு விலைக்குப் போகும். நேற்று இதே அறையில் சரி என்று தலையசைத்தவர்களும் அக்காதான். அவர்களுக்குத் தெரியாததை அவர்கள் இன்று எழுதவில்லை, நேற்று நான் கேட்காததை எழுதினார்கள்.

மார்ச் 16

அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், திரும்பி வர முடியாத கதவு போன்ற முடிவுகள், திரும்பி வரக்கூடிய கதவு போன்ற முடிவுகள் என்று பிரித்து, முன்னதற்கு நிதானமும் பின்னதற்கு வேகமும் வேண்டும் என்கிறார். ஏற்கத்தக்கதுதான். ஆனால் எந்த முடிவு எந்த வகை என்பது வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. உடைப்பு இயந்திரம் வாங்கும் பேச்சு எங்களிடம் நெடுநாளாக இருக்கிறது. வேண்டாமென்றால் விற்றுவிடலாம், எனவே திரும்பி வரக்கூடிய முடிவுதான் என்கிறார் மைத்துனர். இயந்திரத்தை விற்கலாம். ஆனால் உடைப்பிலிருந்து நிறுத்தப்படும் பெண்கள் ஜவுளிக்கடைக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டால், பருப்பு உடையாமல் முழுதாக எடுக்கும் அந்தக் கைகள் திரும்பி வரப்போவதில்லை. இயந்திரமயமான வியட்நாம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவைத் தாண்டியது உண்மை. அதனால் இந்தப் பேச்சை ஒதுக்கவும் முடியாது. இதைத் தனியாக, கொள்முதல் அவசரம் இல்லாத ஒரு மாதத்தில் எடுப்பதென்று தள்ளிவைத்தேன். கொட்டை வாங்குவது அப்படியல்ல: கையெழுத்துப் போட்டபின் திரும்ப வழியில்லை, ஆனால் பாதியாகப் பிரிக்க வழி உண்டு.

மார்ச் 19

முடிவு: பாதி அளவு. ஒப்பந்தத்தில் 48 பவுண்டு, குறைந்தால் அதற்கேற்ப விலைக்கழிவு, 46-க்குக் கீழே போனால் சரக்கை மறுக்கும் உரிமை. காரணங்கள்: கையிருப்பு மே மாதம் முடிகிறது, பள்ளி திறக்கும் ஜூனில் பெண்களுக்கு வேலை இல்லாமல் போகக் கூடாது, மழைக்கு முன் உலர்த்த முற்றத்தில் பாதிக்கு மட்டுமே இடம் உண்டு, விலை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. மீதிப் பாதிக்கு ஒரு விலை வரம்பும், கிட்டங்கித் தரையில் பலகைத் தளம் போட்டு முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் எழுதியிருக்கிறேன். மைத்துனர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

ஏப்ரல் 7

அப்பா தொடங்கிய பழைய வறுப்புக் கூடத்தை என்ன செய்வதென்ற பேச்சு. 1985-இல் கணினி நினைவகச் சில்லு வியாபாரத்தில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த இன்டெல் நிறுவனத்தை நடத்திய இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ், நம்மை நீக்கிவிட்டுப் புதிய ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார். நினைவகத்தை விட்டுவிடுவார் என்று மூர் சொல்ல, அதை நாமே செய்தாலென்ன என்றார் குரோவ். அக்கேள்வியை நான் கேட்டபோது பதிலுக்கு நேரமே ஆகவில்லை. எல்லாக் கொட்டையும் ஆவியில் வேகும் காலத்தில், புதியவர் எவரும் அந்த வறுப்புக் கூடத்தை ஒரு நாளும் வைத்திருக்க மாட்டார். ஆனால் அங்கே வேலை செய்பவர்களை வேனில் இங்கே அழைத்துவரும் செலவைப் புதியவர் கணக்கில் சேர்ப்பாரா என்பது சந்தேகம், நான் சேர்த்தேன். சேர்த்தபின்னும் மூடுவதே சரி. அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் சொல்வேன்.

மே 27

சரக்கு வந்து வெட்டிப் பார்த்தாயிற்று. 47 பவுண்டு, விலைக்கழிவு கிடைக்கும். மார்ச்சில் வாங்கிய விலையைவிட இன்றைய விலை குறைவு. சித்தப்பா வந்திருந்தார்கள், பொறுத்திருந்தால் மொத்தத்தையும் மலிவாக வாங்கியிருக்கலாமே என்றார்கள். மார்ச் 19-ஆம் தேதிப் பக்கத்தை எடுத்து அவர்கள் முன் வைத்தேன். அன்று தெரிந்திருந்த எதுவும் விலை இறங்கும் என்று சொல்லவில்லை. பொறுத்திருந்தால் ஜூனில் உடைப்பு மேசைகள் வெறுமையாக இருந்திருக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. விலை ஏறியிருந்தாலும் இதே பக்கத்தைத்தான் காட்டியிருப்பேன், அப்போது என் கெட்டிக்காரத்தனம் என்று யாரும் சொல்ல விட்டிருக்க மாட்டேன்.

இன்றைய விலை, மீதிப் பாதிக்கு எழுதிவைத்த வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் பலகைத் தளத்தில் ஒரு பகுதி இன்னும் பாக்கி. தச்சர் நாலு நாள் கேட்கிறார். தளம் முடிந்தபின் சரக்கு இறங்கும் வகையில் தேதி தருமாறு தரகரிடம் கேட்டிருக்கிறேன்.