பக் நாயின் தொண்டையில் லேசர்: முதல் அறுவை செய்யப் போகிறவர்களுக்கு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மூச்சு இரைத்தபடி வரும் பக் நாய்கள் கூடிவிடும். பெருங்குறட்டை, சாப்பிட்டதும் நுரை நுரையாக வாந்தி, பத்தடி நடந்தால் நாக்கில் நீலம். பெரும்பாலும் மூக்குத் துளை சுருங்கியிருக்கும். மேல்வாயின் பின்பகுதியான மெல்லண்ணம் நீண்டு குரல்வளைக்குள் தொங்கும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரால் சரிசெய்துவிடலாம்.

கத்தியைவிட லேசர் இங்கே கைகொடுப்பது இரத்த விஷயத்தில்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இரத்தக் குழாய்களை வெட்டும்போதே அடைத்துவிடுவதால், அந்தக் குறுகலான தொண்டையில் வெட்டுக்கோடு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். திசுவில் உள்ள தண்ணீர் இந்தக் கதிரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் ஈரமான காஸ் துணியும் கதிரைத் தடுக்கிறது. அறுவை அரங்கின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் இருக்கிறது.

முந்தின நாளே இரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். சென்னையில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம்; அது இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைக் குறைத்துவிடும். பிளேட்லெட் குறைந்திருந்தால் லேசர் இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்கவே கூடாது, முதலில் அதற்கு வைத்தியம். மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரலையும் இதயத்தையும் பார்த்துவிடுங்கள். வாந்தித் தடுப்பு மருந்து தவறக் கூடாது. காலையின் முதல் கேஸாக வையுங்கள்; அப்போதுதான் பகல் முழுக்கக் கண்காணிக்க ஆள் இருப்பார்கள். மயக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம் மாஸ்க்கில் ஆக்சிஜன்.

நாயைக் குப்புறப் படுக்கவைத்து, மேல் தாடையைக் கோரைப் பற்களில் கட்டித் தொங்கவிடுவோம். எங்கே வெட்டுவது என்பதை நாக்கை வெளியே இழுக்கும் முன்பே குறித்துவிடுங்கள். இழுத்தால் குரல்வளை முன்னே வந்துவிடும், அளவு தப்பும். குரல்வளை மூடியின் நுனியை மெல்லண்ணம் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். குறைவாக வெட்டினால் குறட்டை போகாது, மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டிவரும். அதிகமாக வெட்டிவிட்டால் சோறும் தண்ணீரும் மூக்கு வழியே வரும், நுரையீரலுக்குள்ளும் போகும். அதைத் திரும்பச் சரிசெய்வது மிகக் கடினம். சந்தேகம் வந்தால் குறைவாகவே வெட்டுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது தீ. மூச்சுக்குழாய்க்குள் பிளாஸ்டிக் டியூப், அதற்குள் ஆக்சிஜன், விரற்கடை தள்ளி லேசர். டியூபின் பலூனைக் காற்றுக்குப் பதில் சலைனால் நிரப்புங்கள். டியூபைச் சுற்றியும் மெல்லண்ணத்துக்குப் பின்னாலும் சலைனில் நனைத்த காஸ் வையுங்கள். கதிர் பட்டால் காஸ் காய்ந்துவிடும், காய்ந்த காஸே பற்றிக்கொள்ளும். இடையிடையே நனைப்பதற்கென்றே ஒருவர் நிற்கட்டும். உள்ளே வைத்த காஸை எண்ணி வையுங்கள், எண்ணி எடுங்கள். 50 மில்லி சிரிஞ்சில் சலைன் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பற்றிக்கொண்டால் லேசரையும் ஆக்சிஜனையும் நிறுத்தி, டியூபை உருவி, சலைனை ஊற்ற வேண்டும். யார் எதைச் செய்வது என்று முன்பே பேசிவைக்காத அறையில் அந்த நொடிகள் வீணாகிவிடும். மூக்குத் துளைக்கு வரும்போது தோலில் ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம்.

அரங்கில் இருப்பவர்கள் போடும் பாதுகாப்புக் கண்ணாடி 10,600 என்று குறித்ததாக இருக்க வேண்டும். வேறு அலைநீளத்தில் இயங்கும் டையோடு லேசருக்கான கண்ணாடி இதற்கு உதவாது. நாயின் கண்களுக்கும் ஈரக் காஸ். புகை உறிஞ்சியின் வாய் வெட்டும் இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். சாதாரண அறுவை முகக்கவசம் அந்தப் புகையை வடிகட்டாது.

இனி கை வேகம். திசு கறுத்தால் கை மெதுவாகப் போகிறது என்று பொருள். அந்தக் கரியின் மேலேயே மறுபடி அடித்தால் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவி, பிறகு வீக்கமாக வந்து நிற்கும். ஈரக் காஸால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். கதிர் விழும் புள்ளியின் விட்டம் 0.4 மில்லிமீட்டரிலிருந்து 0.8 ஆனால், வாட் மாறாமலே கதிரின் அடர்த்தி கால்பங்காகிவிடும். வெட்டாமல் வேகவைக்கத் தொடங்குவது அங்கேதான். தோலுரிக்காத கோழித் தொடை வாங்கி, இழுத்துப் பிடித்து, ஒரே ஆழத்தில் கோடு போட்டுப் பழகுங்கள். கறுக்காத கோடுகள் தொடர்ந்து விழும் வரை உயிருள்ள திசுவைத் தொட வேண்டாம்.

லேசர் கற்க எங்கே சேரலாம் என்று பிளஸ் டூ பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி.தான் வாசல், அதில் ஓராண்டு பயிற்சிக் காலம். தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண், அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு நீட். பிறகு அறுவையில் முதுநிலைப் பட்டமான எம்.வி.எஸ்சி. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சிக் காலம் கிடைத்தால் கத்தியும் தையலும் கையில் படியும் வரை அறுவைப் பிரிவை விடாதீர்கள். லேசர் பழுதானால் அந்தக் கைதான் கேஸை முடிக்கும்.

விழிக்கும்போது டியூபை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். நாய் தலையைத் தூக்கி, டியூபைத் தானே கடித்து மெல்லத் தொடங்கிய பிறகு எடுத்தால் போதும். முதல் 24 மணி நேரம் வீக்கம் கூடலாம். இரவு ஏசி அறையில், பக்கத்தில் ஆளோடு இருக்கட்டும். வீட்டில் இரண்டு வாரம் குழைந்த சாதமும் கோழியும் பிசைந்து சிறு உருண்டைகளாகக் கொடுக்கச் சொல்லுங்கள், கஞ்சியாகக் கரைக்க வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. நடை விடியற்காலையில் மட்டும். சாப்பிட்டதும் இருமினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ அந்த நிமிடமே கூட்டிவரச் சொல்லுங்கள்.