ஆற்றுவாயை எப்போது வெட்டுவது?

மட்டக்களப்பில் ஊர்க் கூட்டம் வைக்கவும் காலம் பார்க்க வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. ஐப்பசி பிறந்தால் விதைப்பும் மழையும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வெள்ளத்தையும் வரட்சியையும் சமாளிக்க ஒரு திட்டம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, கோடையில் விளையும் சிறுபோக நெல் அறுவடை முடிந்து புரட்டாதி நடுவில்தான் எல்லோரையும் ஒன்றாக இருத்த முடிந்தது. நிதி தருபவர்கள் ஆனியிலேயே அறிக்கை கேட்டார்கள். பொறுக்கச் சொன்னோம். எழுதி முடித்த திட்டத்தைக் கொண்டுபோய்த் தலைவர்களிடம் கையெழுத்து வாங்குவதைக் கலந்துரையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பலநோக்கு மண்டபத்துக்கு கிராம சேவையாளர், வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டவிதானையார், மீனவர் சங்கத் தலைவர், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், மாதர் சங்கத் தலைவி எல்லோரும் வந்தார்கள். வாய்க்கால் துப்புரவு, வெள்ளத்தில் தங்கும் இடம் என்று பாதிப் பட்டியல் சீக்கிரமே முடிந்தது. ஆற்றுவாய்ப் பேச்சு வந்ததும்தான் மண்டபம் சூடானது.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம்தான் ஆற்றுவாய். கோடையில் அலை மண்ணைக் கொண்டுவந்து அதை மூடிவிடும். மாரியில் ஆறுகள் கொண்டுவரும் தண்ணீர் போக வழியில்லாமல் வாவி ஏறும், கரையோர வயல் மூழ்கும். அப்போது மண் திட்டை வெட்டிக் கடலோடு சேர்க்க வேண்டும். மாவட்டச் செயலகத்தில் பேசி முடிவெடுக்கிற விஷயம் அது.

"2011 தையில் கதிர் முத்தி நிண்ட வேளாண்மை அழுகினதைப் பார்த்தனாங்கள். தண்ணி ஏற முதல் வெட்டோணும்," என்றார் வட்டவிதானையார்.

மீனவர் சங்கத் தலைவர் விடவில்லை. "அவசரப்பட்டு வெட்டினா இறாலும் மீனும் கடலுக்குப் போயிரும். மறுகா நாங்க எதைப் பிடிக்கிற, ஐயா?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதியிருந்தால் திட்டம் அழகாக வந்திருக்கும், ஊரில் சண்டையும் வந்திருக்கும். வண்ணக்கர்தான் இருவரையும் கோயில் மதிலடிக்குக் கூட்டிப்போனார். பழைய வெள்ளங்களின் நீர்க்கறை மதிலில் படிந்திருந்தது. எந்தக் கறை வரை வயல் தாங்கும், எதற்கு மேல் வீடுகளுக்குள் தண்ணீர் வரும் என்று விரலால் தொட்டுத் தொட்டு இருவரும் பேசினார்கள். 1978 சூறாவளியைக் கண்ட ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "தண்ணி எங்கால வரும் எண்டு காட்டுறன், வா மனே," என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கூட்டித் திரிந்தார். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் எந்த மதகு முதலில் நிரம்பும் என்பது அவருக்கு மனப்பாடம்.

கடைசியில், வாவிக் கரையில் ஓர் அளவுக் கம்பம் நடுவது என்று முடிவானது. விவசாயிகளில் ஒருவரும் மீனவர்களில் ஒருவரும் தினமும் சேர்ந்து அதைப் பார்த்து எழுதுவார்கள். இருவரும் ஒப்புக்கொண்ட கோட்டைத் தண்ணீர் தொட்டால், ஆற்றுவாயை வெட்டச் சொல்லி ஒரே கடிதத்தில் இரு சங்கங்களும் கேட்கும்.

திட்டத்தில் கண்டல் மரம் (அலையாத்தி) நடுகிற இடத்தையும் மாற்றினோம். நாங்கள் குறித்திருந்த கரையில்தான் தோணி கட்டுகிறார்களாம்.

மாதர் சங்கத் தலைவி அதுவரை அதிகம் பேசவில்லை. பேசியபோது கையில் ஒரு கொப்பி இருந்தது. படுக்கையில் கிடக்கிற முதியவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், நடக்க முடியாத பிள்ளைகள் எல்லாம் வீடு வீடாக அதில் இருந்தார்கள். "தம்பி, பாதை மூடினாப் பிறகு தோணி தேடேலாது. இவங்கள ஏத்துறதுக்கு முதல்லயே தோணி சொல்லி வைக்கோணும்," என்றார். எந்த அலுவலகத்திலும் இப்படியொரு பட்டியலை நான் கண்டதில்லை. மீனவர் சங்கத் தலைவர் அந்த இடத்திலேயே தன் தோணியைத் தருவதாகச் சொன்னார்.

தோணிக்கு மண்ணெண்ணெய்ச் செலவைச் செலவுப் பட்டியலின் முதல் வரியாகவே எழுதி நிதி தருபவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். பணம் வரத் தாமதித்தாலும், ஐப்பசி மழைக்கு முன் கம்பத்தை நட்டுவிடுவது என்று இரண்டு சங்கமும் முடிவு செய்திருக்கின்றன.