பீன்ஸுக்கு எத்தனை பத்தி?

ஆன்லைன் மளிகைக் கடைகளுக்குப் பொருட்களின் பெயரை ஸ்பானிஷில் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. எக்செல் தாளில் இடது ஓரம் ஆங்கிலம். அப்புறம் மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினா, ஸ்பெயின் என்று நாட்டுக்கொரு பத்தி. "எல்லாம் ஒரே ஸ்பானிஷ்தானே, ஒரு பத்தி போதாதா?" என்று புதிதாக வரும் ஒவ்வொரு மேலாளரும் கேட்பார். நான் பேசாமல் ஸ்ட்ரா இருக்கும் வரியைக் காட்டுவேன்.

இளநீரில் போட்டு உறிஞ்சுகிறோமே, அதே ஸ்ட்ராதான். மெக்சிகோவில் போப்போத்தே, ஸ்பெயினில் பஹீத்தா, பெருவில் கன்யீத்தா, அர்ஜென்டினாவில் சோர்பேத்தே, கொலம்பியாவில் பித்தியோ, சிலியில் பொம்பியா. பெயர் மாறுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. கொலம்பியாவின் பித்தியோ ஸ்பெயினுக்குப் போனால் சிகரெட். சிலியின் பொம்பியா ஸ்பெயினில் மின்சார பல்பு. அர்ஜென்டினாவிலோ மாத்தே என்கிற பானத்தை உறிஞ்சும் உலோகக் குழாய். எல்லோருக்கும் ஒரே சொல் என்று வைத்தால் ஜூஸ் குடிக்க ஸ்ட்ரா கேட்டவர் வீட்டுக்குப் பல்பு போய்ச் சேரும்.

ஸ்ட்ரா, பாப்கார்ன் மாதிரி பின்னால் கடைக்கு வந்த பொருட்களுக்கு அவரவர் வாய்க்கு வந்ததை வைத்துக்கொண்டார்கள் என்று விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது காய்கறிப் பக்கம். அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டே போனால் கப்பல் வந்த வழி தெரியும்.

1492-ல் கொலம்பஸ் இறங்கியது கரீபியன் தீவுகளில். மக்காச்சோளம், மிளகாய், வேர்க்கடலை இவற்றின் பெயர்களை ஸ்பானியர்கள் அங்கிருந்த தைனோ மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்: மாயிஸ், ஆஹி, மனி. பிறகு மெக்சிகோவுக்குப் போனால், நவாட்ல் பேசிய மக்களிடம் வேறு பெயர்கள். அதனால் அங்கே இன்றைக்கும் மிளகாய் சீலே, வேர்க்கடலை ககாவாதே. 1530-களில் பெருவுக்குள் புகுந்தவர்களோ தீவில் கற்ற சொற்களைக் கையோடு கொண்டுபோனார்கள். இன்கா நாட்டுக் கெச்சுவா மொழியில் மிளகாய்க்கு உச்சு என்று சொந்தப் பெயர் இருந்தது. இருந்து என்ன? இன்று லிமா சந்தையில் ஸ்பானிஷில் மிளகாய் கேட்கிறவர் எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஆஹியைத்தான் சொல்கிறார். சிலி நாட்டிலும் மிளகாய் ஆஹிதான். நாட்டின் பெயருக்கும் மிளகாய்க்கும் சம்பந்தம் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கெச்சுவா எல்லா இடத்திலும் தோற்றுவிடவில்லை. அவகாடோ மெக்சிகோவில் அகுவாகாதே, நவாட்லிலிருந்து வந்தது. பெரு, சிலி, அர்ஜென்டினா மூன்றிலும் பால்தா, அது கெச்சுவா. பிஞ்சு மக்காச்சோளக் கதிர் மெக்சிகோவில் எலோத்தே, பெருவிலும் சிலியிலும் சோக்ளோ. உருளைக்கிழங்குக்கு லத்தீன் அமெரிக்கா முழுக்கக் கெச்சுவாவின் பாப்பாதான். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பெயரோடு கலந்து பத்தாத்தா ஆகிவிட்டது.

ஆங்கிலப் பத்தியும் ஒன்றும் ஒழுங்கில்லை. வெள்ளரிக்காய் போலிருக்கும் ஒரு காய்க்குச் சுக்கினி என்பது அமெரிக்காவுக்கு இத்தாலியர்கள் கொடுத்த பெயர். அதே காய் பிரிட்டனில் கூர்ஷெட், பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கியது. லண்டனில் கோரியாண்டர் என்கிற கொத்தமல்லித் தழை அமெரிக்காவில் சிலாந்த்ரோ, மெக்சிகோ சமையலோடு நுழைந்த ஸ்பானிஷ் சொல். மல்லி விதைக்கு மட்டும் அமெரிக்கர்களும் கோரியாண்டர் என்கிறார்கள்! நாம் மட்டும் என்ன, ஆங்கிலத்தில் கத்தரிக்காயைப் பிரிஞ்சால் என்று எழுதுவது போர்ச்சுகீசியர் விட்டுப்போனதுதானே. யார் கையிலிருந்து வந்ததோ அவர் வாய்ப்பெயர்.

எழுதுபொருள் பக்கத்தில் இரண்டு மொழிகளும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. ஹங்கேரியில் பிறந்த லாஸ்லோ பீரோ அர்ஜென்டினாவுக்குக் குடியேறி, 1943-ல் அங்கே பால்பாயின்ட் பேனாவுக்குக் காப்புரிமை கோரினார். அவர் பெயரும் கூட்டாளி மெய்னேயின் பெயரும் ஒட்டி அர்ஜென்டினாவில் அந்தப் பேனா பீரோமே. பிரிட்டனில் வெறும் பைரோ. ஸ்பெயினில் போலீகிராஃபோ என்று நீட்டி முழக்க வேண்டும்.

டப்பிங் உலகில் 'நடுநிலை ஸ்பானிஷ்' என்று ஒன்று உண்டு, எந்த நாட்டுக்காரருக்கும் உறுத்தாதபடி வடிகட்டியது. கார்ட்டூனுக்குச் சரி. மளிகைக்கு ஆகாது. சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் பால்தா வாங்க வருகிறவர் தேடல் பெட்டியில் அகுவாகாதே என்று அடிக்கப் போவதில்லை. கிடங்கு நிறையச் சரக்கு இருந்தாலும் அவருக்கு 'இல்லை' என்றுதான் காட்டும்.

இப்போதைய மேலாளரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் இரண்டு பத்தி. ஸ்பெயின் ஒன்று, லத்தீன் அமெரிக்கா ஒன்று" என்றார். பீன்ஸ் வரிக்கு அழைத்துப் போனேன்: ஸ்பெயினில் ஹுதீயா, மெக்சிகோவில் ஃப்ரிஹோல், சிலியில் போரோத்தோ. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெனிசுவேலாவையும் சேர்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்திருக்கிறது என்றார். அங்கே அது கராவோத்தா. ஏழாவது பத்தி திறந்தாயிற்று.