கேம்ஸ்டாப்பும் அப்பாவின் பெயரும்

ஒன்லைன் சூதாட்டத் தளங்கள் நம்மை உள்ளே விடாதபடி நாமே பெயர் பதிந்து வைக்கும் பிரித்தானியத் திட்டம்தான் கேம்ஸ்டாப். அதில் பதிவது கஷ்டமே இல்லை. பெயர், பிறந்த திகதி, விலாசம், மின்னஞ்சல், போன் நம்பர் கொடுத்து, தடை 6 மாதமா, 1 வருடமா, 5 வருடமா என்று தெரிவு செய்தால் வேலை முடிந்தது. நான் 5 வருடத்தைப் போட்டேன். 24 மணித்தியாலத்துக்குள் நடைமுறைக்கு வந்துவிடும் என்றார்கள். 2020 மார்ச் 31 முதல் பிரித்தானிய உரிமம் உள்ள ஒன்லைன் சூதாட்டக் கொம்பனிகள் எல்லாம் இதில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். ஆகவே எல்லாக் கதவும் ஒரேயடியாகப் பூட்டுப்படும் என்று நம்பிவிட்டேன்.

ஒன்று பூட்டுப்படவில்லை. எந்தக் கொம்பனி என்று எழுதப் போவதில்லை. இது எங்கும் நடக்கலாம், அதுவும் நம் மாதிரிப் பெயர் உள்ளவர்களுக்குக் கட்டாயம் நடக்கலாம்.

நமக்கு எங்கெங்கே கணக்கு இருக்கிறது என்று கேம்ஸ்டாப்புக்குத் தெரியாது. நாம் உள்ளே போகும்போது கொம்பனி தன்னிடம் உள்ள விவரத்தை அங்கே அனுப்பிக் கேட்கும். பொருந்தினால் கதவடைப்பு. எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயர்தான். பூட்டுப்படாத அந்தக் கணக்கில் அப்பா முதற்பெயராகவும் நான் குடும்பப் பெயராகவும் இருந்தோம். ஆங்கில எழுத்தில் ஒரு ‘எச்’ வேறு குறைவு. விலாசம், லண்டன் ஈஸ்ட்ஹாமில் அறை எடுத்து இருந்த காலத்தது. இப்போது இருப்பது ஹரோவில். போன் நம்பரும் பழையது. மிஞ்சியது பிறந்த திகதி ஒன்றுதான். அது மட்டும் பொருந்தி என்ன பயன்?

சரிபார்க்கத்தான் அந்தத் தளத்துக்குள் போனேன் என்று சொன்னால் மனிசியே நம்பமாட்டாள். போனேன், திறந்தது, விடியும்வரை ரூலெட் சுற்றியது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. மூடச் சொல்லி லைவ் சாட்டில் போனால், பதில் சொன்ன பெண் மிகவும் அன்பாக ‘டைம் அவுட்’ எடுக்கச் சொன்னார். கவனியுங்கள், டைம் அவுட் என்ற சிறு இடைவேளை வேறு, செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் என்ற சுயவிலக்கு வேறு. டைம் அவுட் கூடினால் 6 கிழமை, அது முடிந்ததும் கணக்கு பழையபடி கைக்கு வந்துவிடும். செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் குறைந்தது 6 மாதம், இடையில் மனம் மாறினாலும் திறக்கமாட்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்றேன். அடையாளத்தை உறுதி செய்யவேண்டும் என்று பெயரும் விலாசமும் கேட்டார். இப்போதுள்ளதைக் கொடுத்தேன். “மன்னிக்கவும், விவரம் பொருந்தவில்லை, மூட முடியாது” என்றார். விளையாடும்போது பொருந்திய ஆள், மூடும்போது பொருந்தவில்லை! காசு போட்ட கார்டு அதே கார்டு. அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

இப்படி வளைய வளைய வந்தால் நாகரிகம் பார்க்காதீர்கள். “எனக்குச் சூதாட்டப் பிரச்சினை இருக்கிறது, செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் வேண்டும்” என்று பச்சையாக ஆங்கிலத்தில் அடியுங்கள். நான் அடித்த மறுநிமிடம் பேச்சே மாறிவிட்டது, வேறொரு பிரிவுக்கு மாற்றினார்கள், பழைய விலாசத்தைச் சொன்னதும் மூடினார்கள். சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தேன். என் முறைப்பாடு நின்றது அந்தப் படங்களின் பலத்தில்தான்.

முறைப்பாட்டை முதலில் கொம்பனிக்கே எழுத வேண்டும். அவர்களுக்கு 8 கிழமை அவகாசம். அதற்குள் தீராவிட்டால் ஐபாஸ் போன்ற சுயாதீன தீர்ப்பு அமைப்புக்குப் போகலாம், நமக்குக் காசு செலவில்லை. கொம்பனிகளுக்கு உரிமம் கொடுக்கும் சூதாட்ட ஆணைக்குழுவுக்கும் எழுதினேன். தனியாள் வழக்கில் அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, காசும் வாங்கித் தரமாட்டார்கள். ஆனாலும் எழுதிய தகவல் அவர்களிடம் இருக்கும். அவர்களுக்கு எழுதியிருக்கிறேன் என்று கொம்பனிக்கு அனுப்பிய மடலில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியால்தானோ என்னவோ, கேம்ஸ்டாப்பில் பதிந்த பிறகு நான் போட்ட காசு ‘நல்லெண்ண அடிப்படையில்’ திரும்பி வந்தது. பிழையை ஒப்புக்கொள்ளவில்லை. பரவாயில்லை, காசு வந்தது.

இனிப் பதியப்போகிறவர்கள் முதலில் பழைய வங்கிக் கணக்கறிக்கைகளை எடுத்து, எந்தெந்தத் தளத்துக்குக் காசு போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தந்தக் கணக்கில் பெயர் எப்படிக் கிடக்கிறது, எந்த மின்னஞ்சல், எந்த போஸ்ட்கோட் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேம்ஸ்டாப்பில் பழைய மின்னஞ்சல்களையும் விலாசங்களையும் சேர்க்க இடமிருக்கிறது. அறை மாறி அறை மாறி வாழ்ந்த நமக்கு அந்தப் பகுதிதான் முக்கியம். வீடு மாறினாலும் நம்பர் மாறினாலும் அங்கேயும் மாற்றுங்கள். பெயர் தலைகீழாய்க் கிடக்கும் கணக்கு இருந்தால் கேம்ஸ்டாப்பை மட்டும் நம்பாமல் அந்தக் கொம்பனியிடமே நேரே செல்ஃப் எக்ஸ்க்ளூஷன் கேளுங்கள்.

இரண்டாவது பூட்டு வங்கியில், சூதாட்டத்துக்குக் காசு போகாமல் கார்டைத் தடுப்பது. கிளைக்கு நேரில் போனது வீண் அலைச்சல். வரிசையில் நின்று, பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னால், கவுண்டரில் இருந்தவர் சத்தமாக “சூதாட்டத் தடையா? நீங்கள் போடாமல் இருந்தால் சரிதானே?” என்றார். நமக்குத் தோன்றாத யோசனை! கடைசியில் அது வங்கியின் செயலியிலேயே இருந்தது, ஒரு அழுத்தல். மோன்சோ, ஸ்டார்லிங் போன்றவை 2018 முதலே இதைத் தருகின்றன, பெரிய வங்கிகளிலும் இப்போது உண்டு. தடையை எடுக்க நினைத்தாலும் உடனே எடுபடாது, 48 அல்லது 72 மணித்தியாலம் காக்கவைக்கும் வங்கிகள் உண்டு. அந்த நேரத்துக்குள் வெறி இறங்கிவிடும், அதுதான் இதன் அருமை. ஆனால் தடை பொதுவாகக் கார்டுக்குத்தான். கொம்பனியின் வியாபார வகைக் குறியீட்டைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது. நேரடிப் பணமாற்றமும் இ-வொலட் என்ற இணையப் பணப்பை வழியும் நழுவிவிடும். வேறு வங்கியில் தூங்கும் கார்டு இருந்தால் அதிலும் தடையைப் போடுங்கள். கிரெடிட் கார்டால் பெட் போடுவது 2020 ஏப்ரல் 14 முதல் இங்கே தடை, அந்தக் கவலை இல்லை.

மூன்றாவது கேம்பான். போனிலும் கணினியிலும் சூதாட்டத் தளங்களைத் திறக்கவிடாமல் செய்யும் மென்பொருள். காசு கொடுத்து வாங்காதீர்கள். சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களுக்கு உதவும் கேம்கேர் அமைப்பு நடத்தும் இலவச உதவி எண் 0808 8020 133, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், அவர்கள் மூலம் சும்மா கிடைக்கும். எல்லாச் சாதனத்திலும் போடுங்கள், பிள்ளையின் ஐபாட் உட்பட.

தெருவிலுள்ள பெட்டிங் கடைகளுக்குக் கேம்ஸ்டாப் செல்லாது. அதற்கு மோசஸ் என்று தனித் திட்டம். போன் பண்ணி, எந்தக் கடைகள் என்று சொல்லி, ஃபோட்டோவும் கொடுக்க வேண்டும். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நடந்தவர்களுக்குத் தெரியும் எத்தனை கடை என்று. அங்கே கவுண்டரில் நம்மவர்களும் வேலை செய்கிறார்கள், நம் படம் அவர்கள் கைக்கும் போகும். அதனாலேயே நான் கொஞ்சம் இழுத்தடித்தேன். பிறகு யோசித்தால், அந்தத் தம்பிமார் என் முகத்தை ஏற்கெனவே போதிய அளவு பார்த்தவர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. கேம்ஸ்டாப் என்று கூகிளில் தேடாதீர்கள், இணைய விலாசத்தை நேரே அடியுங்கள். தேடினால் ‘கேம்ஸ்டாப்பில் இல்லாத கசினோ’ என்று பட்டியல் பட்டியலாக வரும். அவை குராசோ தீவு போன்ற வெளிநாட்டு உரிமத்தில் ஓடுபவை, இங்குள்ள சட்டம் எட்டாது, காசு சிக்கினால் முறைப்பாடு செய்யவும் ஆளில்லை. நிறுத்த வந்தவனைத் தேடிப் பிடிக்கும் விளம்பரம் வேறெந்த வியாபாரத்தில் இருக்கிறது?

கடைசியாக, 5 வருடம் முடிந்தால் தானாகத் திறந்துவிடுமோ என்று என்னைப் போல் பயப்பட வேண்டாம். காலம் முடிந்த உடனே தானாக எடுபடாது, எடுக்க வேண்டுமானால் நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகும் 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். நான் கூப்பிடும் எண்ணத்தில் இல்லை. இப்போது மிச்சமிருப்பது குறுஞ்செய்தித் தொல்லைதான். உரிமம் உள்ள கொம்பனி நம்மை 2 நாளுக்குள் விளம்பரப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அதையும் முறைப்பாட்டில் சேர்க்கலாம். தெரியாத நம்பரிலிருந்து ‘இலவச ஸ்பின்’ வந்தால் ‘ஸ்டொப்’ என்றுகூடப் பதில் போடாதீர்கள், நம்பர் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். தொல்லைக் குறுஞ்செய்திகளை முறையிடும் எண்ணான 7726க்கு முன்னனுப்பிவிட்டு, அந்த நம்பரைத் தடை செய்யுங்கள்.