‘ஆகவே’ என்று சொல்வதற்கு முன்

கொழும்புப் பாடசாலைகளில் தமிழ் விவாத அணிக்கு வரும் பிள்ளைகளில் அநேகர் பேசத் தெரிந்தவர்களாகவே வருகிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிகளில் மேடை ஏறியிருப்பார்கள். கம்பன் விழாவிலும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்கத்திலும் பட்டிமண்டபம் கேட்டிருப்பார்கள். குரல் இருக்கும், உச்சரிப்புச் சுத்தமாக இருக்கும், எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டு விழும் என்பதும் தெரிந்திருக்கும். பயிற்றுநருக்கு முதல் தலையிடி அங்கேதான் தொடங்குகிறது. பேச்சுப் போட்டியில் மறுத்துப் பேச எதிரே ஆள் இல்லை. பட்டிமண்டபத்தில் இருக்கிறார், ஆனால் அவரும் சபையைச் சிரிக்க வைக்கத்தான் வந்திருக்கிறார். விவாதத்தில் எதிரே இருப்பவர் நமது காரணம் எங்கே பிடிவிடுகிறது என்று காத்திருக்கிறார்.

அதனால் தொடக்க வாரங்களில் மேடைப் பேச்சையே நிறுத்திவிடுவது நல்லது. உட்கார்ந்தபடி, கையில் ஒரு தாள், அதில் மூன்றே வரி: என்ன சொல்கிறோம், ஏன், எதைக் காட்டி. கவிதைக்கு இடமில்லை, வணக்கத்துக்கும் இடமில்லை. “மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே” என்று தொடங்கி அவையோரை எல்லாம் வரிசையாக விளித்து முடிப்பதற்குள் நான்கு நிமிடப் பேச்சில் அரை நிமிடம் போய்விடுகிறது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 தமிழ்ச் சொற்கள்தான் வரும். நான்கு நிமிடத்துக்கு மொத்தமே 400 சொல். அதில் 50 சொல்லை விளிப்புக்குக் கொடுப்பது ஊதாரித்தனம்.

பழகுவதற்கு நல்ல தலைப்பு, ‘தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இரத்துச் செய்யப்பட வேண்டும்’. பிள்ளைகளே எழுதிய பரீட்சை, வீட்டில் அம்மாவுக்கும் கருத்து இருக்கும். தலைப்பைப் பிரிக்கும்போதே பாதி வேலை வெளிச்சத்துக்கு வருகிறது. அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தக் காலத்து மரபில் வந்த இந்தப் பரீட்சை இரண்டு காரியம் செய்கிறது. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம் தருகிறது. வசதியுள்ள பெரிய பாடசாலைக்குப் போக வழியும் திறக்கிறது. இரத்து என்றால் இரண்டையுமா, ஒன்றையா? சார்பு அணி இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், எதிரணி தனக்கு வசதியான பொருளை எடுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு அணியும் இரண்டு வெவ்வேறு விவாதம் நடத்தும். தோற்ற ஆட்டங்களின் தாள்களைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படுவது இந்தக் கோளாறுதான்.

அடுத்தது காரணம். பிள்ளைகள் எழுதும் முதல் வரி அநேகமாக மாறுவதில்லை: “இந்தப் பரீட்சை மன அழுத்தம் தருகிறது, ஆகவே இரத்துச் செய்ய வேண்டும்.” சபை தலையாட்டும். ஆனால் அந்த ‘ஆகவே’ எதன் மேல் நிற்கிறது?

இதைச் சோதிக்க நம்மிடமே பழைய கருவி ஒன்று உண்டு. மணிமேகலையின் 29ஆவது காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நூல், அதாவது தர்க்கம், சொல்லிக்கொடுக்கிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. உபநயம், நிகமனம் என்று மேலும் இரண்டைச் சொல்லி, அவை திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்றும் சொல்லிவிடுகிறார். விவாத வகுப்புக்கு அந்த மூன்று போதும். அதைவிடப் பயனுள்ளது, நல்ல ஏதுவுக்கு அங்கே வைக்கப்படும் மூன்று நிபந்தனை. நாம் பேசும் பொருளில் அது இருக்க வேண்டும். அதே முடிவு பொருந்தும் மற்ற இடங்களிலும் இருக்க வேண்டும். முடிவு பொருந்தாத இடங்களில் இருக்கவே கூடாது.

மன அழுத்தத்தை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். புலமைப்பரிசிலில் அழுத்தம் உண்டு, சரி. ஆனால் பிறகு வரும் சாதாரண தரப் பரீட்சையிலும் உயர்தரப் பரீட்சையிலும் அழுத்தம் உண்டு. அவற்றை இரத்துச் செய் என்று இந்த அணி கேட்கவில்லை. மூன்றாவது நிபந்தனையில் ஏது விழுந்துவிட்டது. எதிரணியில் கொஞ்சம் விவரமான பிள்ளை இருந்தால், “அப்படியென்றால் உயர்தரத்தையும் நிறுத்துவீர்களா?” என்ற ஒரு கேள்வியோடு கதை முடிந்தது.

வேறு காரணம் தேடி ஓடத் தேவையில்லை, இதையே இறுக்கலாம். பத்து வயதில், ஒரே ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய பரீட்சை, பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் திரும்ப எழுதலாம். இதை எழுத முடியாது. இப்போது ஏது மற்றப் பரீட்சைகளைத் தொடவில்லை. சொல்ல எடுக்கும் நேரம் பத்து விநாடி கூடுதல், அவ்வளவே. நவீன விவாதப் பயிற்சியில் தத்துவவாதி ஸ்டீவன் டூல்மின் வாதத்தைப் பகுத்துப் பார்க்கத் தந்த வாய்பாட்டை வைத்து ஏறத்தாழ இதே வேலையைச் செய்கிறார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு மலையும் புகையும் சட்டென்று பிடிபடுகிறது.

எதிரணிக்கும் சோம்பேறி வரி ஒன்று உண்டு: “ஏழைப் பிள்ளைக்கு இது ஒன்றே கதவு.” உருக்கமானது, ஆனால் காற்றில் நிற்கிறது. பரீட்சை இல்லாவிட்டால் அந்த இடங்கள் எப்படி நிரப்பப்படும் என்று காட்டும்போதுதான் அது வாதமாகிறது. தரம் 1 அனுமதியில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரம் பெரிய இடத்தைப் பிடிக்கிறது. பரீட்சையை எடுத்துவிட்டு அதையே வைத்தால், கொழும்பு 7இலோ பம்பலப்பிட்டியிலோ வீடு வைத்திருப்பவர் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்தே இருக்கும். முகத்துவாரத்தில் இரண்டு அறைக்கு வாடகை கொடுப்பவர் பிள்ளைக்கு இருந்த மற்றக் கதவும் மூடும். இங்கே உருக்கத்தைத் தேடிப் போகத் தேவையில்லை, தர்க்கத்தோடு அதுவும் வந்துவிடுகிறது. அரிஸ்டாட்டில் பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதம் என்று மூன்றாகப் பிரித்தாலும், நல்ல பேச்சில் அவற்றைத் தனித்தனியாக உரித்தெடுப்பது கடினம்.

மறுப்புரை பழக்க நான்கு வாக்கியம் போதும். அவர்கள் சொன்னது இது, நாங்கள் ஏற்கவில்லை, ஏனென்றால் இது, ஆகவே விவாதத்தில் இன்னது மாறுகிறது. பிள்ளைகள் முதல் மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். நான்காவது இல்லாவிட்டால் நடுவருக்கு அது வெறும் குறுக்குப் பேச்சு. முதல் வாக்கியத்திலும் கள்ளம் நடக்கும்: எதிரணி சொன்னதைக் கொஞ்சம் முட்டாள்தனமாக்கிச் சொல்லிவிட்டு அதை அடிப்பது. அனுபவமுள்ள நடுவர் கையில் குறிப்பு வைத்திருக்கிறார், உடனே தெரிந்துவிடும். எதிராளியே “ஆம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நேர்மையாகச் சொல்லிவிட்டு மறுத்தால் அடி பலமாக விழும்.

குறிப்பெடுப்பதற்கு A4 தாளைக் குறுக்காக வையுங்கள். பேச்சாளர் ஒருவருக்கு ஒரு நிரல், நம்மவருக்கு நீலப் பேனை, அவர்களுக்குச் சிவப்பு. வாக்கியங்களை எழுத முயன்றால் இரண்டாவது வாதம் தப்பிவிடும். காரணத்தை மட்டும் மூன்று நான்கு சொல்லில் எழுதி, பதில் சொன்னதும் அம்புக்குறி போட வேண்டும். கடைசியில் அம்பு போகாத சிவப்பு வரி எது என்று பார்த்தால், அதுதான் தொகுப்புரை செய்பவர் எழும்பும் முன் தீர்க்க வேண்டிய கடன்.

புள்ளிவிவரம் பற்றி ஒரு கண்டிப்பு. “ஆய்வொன்று கூறுகிறது” என்று வாயெடுத்தால் யார், எந்த ஆண்டு, யாரை அளந்தார்கள் என்ற மூன்றுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். மத்திய வங்கியின் வெளியீடுகளும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளும் யாருக்கும் கிடைக்கும். பதில் இல்லாத எண்ணை விட்டுவிட்டு, எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்லுங்கள். தரம் 5 பிள்ளைகளுக்காகச் சனி, ஞாயிறில் நடக்கும் டியூசன் வகுப்புகளை நடுவர் தாமே பார்த்திருக்கிறார்.

நடுவர்களும் ஒரே மாதிரி இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சந்திப் பிழைக்கு முகம் சுளிப்பார். சட்டத்தரணி முரண்பாட்டைத் தேடுவார். அண்மையில் பாடசாலையை விட்ட முன்னாள் விவாதி அம்புக்குறிகளை எண்ணுவார். மூவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். திருக்குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். பயிற்சியில் நாம் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, பயம் போகட்டும் என்று மேடை மேடையாக ஏற்றிவிடுகிறோம். முன்னால் இருப்பவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் கணிசமாகக் குறைவதைத் திரும்பத் திரும்பக் காணலாம்.

ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தூரம், கையை மேசையில் ஊன்றாமை போன்றவற்றைக் கடைசி வாரத்தில் சொன்னால் போதும்.

ஆட்டம் முடிந்ததும் தாள்களைச் சேகரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை மண்டப வாசலிலேயே குப்பைக்குப் போகும். அடுத்த வகுப்பில், நடுவர் நமக்கு எதிராகத் தீர்த்த ஒரு மோதலை மட்டும் எடுத்து, அதே பிள்ளையை எதிரணிக்காக இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்துக்குள், தன் சொந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருந்தது என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.