அயோடின் ஏறாத இடம்

பாளையங்கோட்டையில் எண்டோஸ்கோபி அறை டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில், உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்றால் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றே: முதலில் சோறு இறங்காமல், பிறகு இட்லியும் இறங்காமல், கடைசியில் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு எலும்பும் தோலுமாக வந்து படுக்கும் மனிதரின் முகம். அவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் வைத்து வழி திறந்துவிடுவதைத் தவிர எங்கள் அறையில் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

அதனால்தான் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்த அந்த விவசாயியை மறக்க முடியவில்லை. அறுபதைக் கடந்தவர், வெறும் நெஞ்செரிச்சலுக்காக வந்திருந்தார். நாற்பது ஆண்டுகளாகப் பீடியும், வெற்றிலையோடு புகையிலையும் பழக்கம் என்று கேட்டறிந்த மருத்துவர், வயிற்றைப் பார்த்து முடித்த பிறகும் குழாயை உருவிவிடாமல், உணவுக்குழாயில் ஒட்டியிருந்த எச்சிலையும் நுரையையும் கழுவச் சொல்லி, லூகால் என்ற அயோடின் கரைசலைக் கேட்டார். இயல்பான செல்களில் கிளைக்கோஜன் சேர்ந்திருப்பதால் அவை அயோடினை ஏற்று உடன்குடிக் கருப்பட்டியின் நிறத்துக்கு மாறும்; புற்றுநோய்ச் செல்களில் அது குறைந்துவிடுவதால் நிறம் ஏறாது. சாதாரண வெளிச்சத்தில் லேசான சிவப்பாக மட்டுமே தெரிந்த இடத்தில், கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு வெளிர் திட்டு வரம்பு கட்டியதுபோலத் துலங்கியது. பயாப்ஸி அதைப் புற்றுநோய் என்று உறுதிசெய்தது.

"எனக்குத்தான் ஒண்ணும் அடைக்கலியே தம்பி, பெறவு எதுக்கு ஆபரேசன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அடைக்காத காலத்தில் கண்டதால்தான் நெஞ்சைத் திறக்காமல் எடுக்க முடிகிறது என்பதை மருத்துவர் அவருக்கும் அவருடைய மகளுக்கும் பொறுமையாக விளக்கினார். நோய் மேல்சவ்வோடு நிற்கும்வரை நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு குறைவு. அதன் கீழ் அடுக்கில் 200 மைக்ரானுக்கு மேல் இறங்கிவிட்டால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால், அறுவைசிகிச்சையைப் பற்றியோ கதிர்வீச்சைப் பற்றியோ யோசிக்க வேண்டியிருக்கும்.

நெஞ்சைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே எடுக்கும் அந்த முறைக்கு இஎஸ்டி (எண்டோஸ்கோபிக் சப்மியூகோசல் டிசெக்ஷன்) என்று பெயர். ஜப்பானில் 1990களின் இறுதியில் உருவான அதில், திட்டைச் சுற்றிப் புள்ளிகள் வைத்து, நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் சவ்வுக்கு அடியில் செலுத்தி மேட்டைப்போல் உயர்த்தி, அந்த மேட்டின் உள்ளே நுண்கத்தியால் சிறிது சிறிதாக அறுத்துத் திட்டை ஒரே துண்டாகப் பிரிக்கிறார்கள். உணவுக்குழாய்ச் சுவர் சில மில்லிமீட்டர் தடிமனே உடையது. குடலுக்கு இருப்பது போன்ற வெளிப்படலமும் அதற்குக் கிடையாது. அதனால் சுவரில் ஓட்டை விழுந்து வாயு வெளியே கசிந்தாலும் தங்கிவிடாதிருக்க, காற்றுக்குப் பதிலாக, உடல் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடையே செலுத்துவோம். நீலம் மங்கினால் மறுபடி ஊசி, இரத்தம் கசிந்தால் உறைய வைக்கும் இடுக்கி என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சென்றது.

அதன் பிறகு வருவதே என் வேலை. அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் வேலைபார்த்தபோது, வெளியே வந்த துண்டை அடுத்த நோயாளிக்கான அவசரத்தில் அப்படியே, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டேன். அது சுருண்டு விறைத்துப்போனது. ஓரத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இயலாது என அறிக்கை வந்தது. ஒரு மனிதரின் உடலிலிருந்து அவ்வளவு கவனமாக எடுத்த பதிலை என் இரண்டு நிமிட அவசரம் அழித்துவிட்டது. அந்த அறிக்கையை வாங்கிக்கொண்டு நின்ற அவருடைய மனைவியின் முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

ஆகவே இந்தத் துண்டை ஈரம் காயுமுன் தெர்மோகோல் பலகையில் விரித்து, ஓரங்களைக் கிழிக்காமல் இழுத்துச் சுற்றிலும் மெல்லிய ஊசிகள் குத்தி, வாய்ப்பக்கம் எது, வயிற்றுப்பக்கம் எது என்று எழுதி, அதன் பிறகே ஃபார்மலினில் அமிழ்த்தினேன். நோயியல் மருத்துவர் அதை 2 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் பார்த்தார். ஓரங்களிலும் அடியிலும் நோய் இல்லை. மேல்சவ்வைத் தாண்டவும் இல்லை.

புகையிலை பழகிய தொண்டையிலும் உணவுக்குழாயிலும் இன்னோரிடத்தில் புதிதாகத் தோன்றக்கூடும் என்பதால், ஆறு மாதம் கழித்து அவரை மீண்டும் வரவழைத்தோம். பீடியை விட்டிருந்தார், வெற்றிலையை இன்னும் விடவில்லை என்று மகள் சொன்னார். கழுவினோம், அயோடின் தெளித்தோம். பழைய இடத்தில் தழும்பு மட்டும் வெளுத்துக் கிடந்தது. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு விரற்கடையாகப் பார்த்து, நிறம் ஏறாத வேறு திட்டு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே கையிலிருந்த சிரிஞ்சைக் கீழே வைத்தேன்.